எந்த ஷாட், மாமா?

அன்புள்ள மகனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நலம், நலமறிய ஆவல் என்றுதான் உனக்கு எப்போதும் எழுதுவேன். இந்தக் கடிதத்தின் முதல் வரியே இப்படி எழுத வேண்டியதாகிவிட்டது. உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே, "மெட்ராஸ்லேருந்து வந்திருக்குங்க, கனமா இருக்கு, பேத்தி போட்டோவா இருக்கும்" என்று நீட்டிவிட்டுப் போனார். போட்டோவைத்தான் முதலில் பார்த்தேன். பாவாடை சட்டையில் நம் கலா, முகமெல்லாம் பவுடர், கீழ் உதடு ஒரு பக்கமாகக் கோணி, மூக்கு ஒழுக அழுதுகொண்டு நிற்கிறாள். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தியேட்டரில் ஆபரேட்டர் வேலை பார்க்கிறவன் நான். நடித்து அழுகிற குழந்தை எது, சொல்லி அழவைத்த குழந்தை எது என்று எனக்குத் தெரியும். கிளிசரின் போட்டால் கண்ணீர் மட்டும்தான் வரும், உதடு கோணாது.

பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதியதை அப்படியே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், நீயே ஒரு தடவை படித்துப் பார். "டைரக்டர் சார் என்னென்னமோ செஞ்சு பாத்தாருப்பா, இவ அழவே இல்லை. கடைசியில நான்தான் தனியாக் கூட்டிட்டுப் போயி, ஸ்ரீரங்கம் தாத்தா செத்துப் போயிட்டாங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான், ஒரே டேக்ல ஓ.கே. செட்டே கைதட்டுச்சு. உங்க வித்தைதான்பா, உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்." அதோடு விடவில்லை நீ. கீழே இன்னும் நாலு வரி. "அதுலேருந்து தினம் ஒரு தடவை, தாத்தா செத்தது நிஜமா ஷூட்டிங்கான்னு கேக்கறா. வீட்டுல ஒரே சிரிப்பு. அடுத்த வாரம் இன்னொரு அழுகை ஸீன் இருக்கு. இந்தத் தடவை என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டிருக்கோம்."

நேற்று மாட்டினி ஷோவில் ரீல் மாற்றுகிற இடத்தைத் தவறவிட்டேன். திரை வெள்ளையாக நின்றது. கீழே தரை டிக்கெட்டில் விசிலும் கூச்சலுமாக ரகளை. என் அஸிஸ்டென்ட் ஓடி வந்து மாற்றினான். இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். நான் செத்துப் போய்விட்டதாக என் பேத்தியிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? உன் மேல் கோபம் வந்தது என்று நினைக்காதே. கோபம் வந்திருந்தால் தேவலை. உறைந்து போய்விட்டேன். ஏனென்றால் நீ எழுதியது பொய்யில்லை. இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

உனக்கு ஏழு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டி நேரே தியேட்டருக்கு வந்துவிடுவாய். ஆபரேட்டர் ரூமில் ஸ்டூலைப் போட்டு, சுவரில் இருக்கிற சின்னச் சதுர ஓட்டை வழியாகப் படம் பார்ப்பாய். கையில் இடைவேளை முறுக்கு. ஒரு நாள் திரையில் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். "நீங்க சின்னப்புள்ளையில சினிமாவுல நடிச்சப்ப எப்படிப்பா அழுவீங்க?" என்று கேட்டாய். நான் சொன்னேன். என் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடி வருவதையும், "உங்கம்மா போயிட்டாடா" என்று சொல்வதையும், நான் ஓவென்று கத்துவதையும், ஷாட் முடிந்ததும் அதே மாமா பல்லை இளித்துக்கொண்டு என் வாயில் ரசகுல்லாவைத் திணிப்பதையும் நடித்தே காட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் சிநேகிதர்களைக் கூட்டி வந்து, "அந்த ரசகுல்லா கதையைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிறுத்தினேன். அது பாதிக் கதை. மீதிக் கதையை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

என் அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார் என்பது உனக்குத் தெரியும். அம்மா ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பிதான் மாமா. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். ஆறு வயதில் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊமைப் படத்தில் ராஜகுமாரன் வேஷம் போட வைத்தார். ஊமைப் பட நடிப்பு எனக்கு விளையாட்டு. மேலே வெள்ளைத் துணி கட்டிய திறந்தவெளியில் வெயில் வெளிச்சத்தில் படம் பிடிப்பார்கள். ஒருவர் காமிராவின் கைப்பிடியைக் கடகடவென்று சுற்றுவார். டைரக்டர் ஒரு தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "தம்பி, அங்க பாரு, யானை வருது, பயப்படு, ஓடு, இப்ப அழு, கண்ணைக் கசக்கு, சபாஷ்!" என்று கத்திக்கொண்டே இருப்பார். சத்தம் படத்தில் பதியாதே! அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன். அழச் சொன்னால் உதட்டைப் பிதுக்கிக் கண்ணைக் கசக்கினால் போதும். தூரத்துக் காமிராவுக்கு அது அழுகைதான். அந்தப் படம் திருச்சிக்கு வந்து கொட்டகையில் ஓடியபோது, திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, "அதோ பாருங்கள், தாயைத் தேடி அழுகிறான் பாலகன்" என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் எங்கடி அழறான், சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கறான், திருட்டுப் பய" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அம்மாவை ஏமாற்ற முடியாது.

பிறகு பேசும் படம் வந்தது. எனக்குப் பத்து வயது. கல்கத்தாவில் ஷூட்டிங். அம்மாவால் வர முடியவில்லை, மாமாதான் வந்தார். அங்கே எல்லாம் தலைகீழ். மைக் வைத்துவிட்டால் யாரும் மூச்சு விடக்கூடாது. மின்விசிறியை நிறுத்துவார்கள். காக்காய் ஓட்ட வெளியே ஒரு ஆளை நிறுத்துவார்கள். டைரக்டர் கத்த முடியாது. கத்தினாலும் எனக்குப் புரியாது, அவர் வங்காளி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஊமைப் படத்தில் என்னை நடத்திக்கொண்டு போன குரல் நின்றுபோய்விட்டது. அழு என்றால் எனக்கு அழத் தெரியவில்லை. கிளிசரின் போட்டார்கள். எரிந்தது, கண் சிவந்தது, குரலில் அழுகை வரவில்லை. இப்போது குரலும் அல்லவா அழ வேண்டும்? காமிரா ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எனக்குள் ஏதோ ஒன்றைப் போட்டுவிட வேண்டும், யாரும் பேசாமலே அது உள்ளே நின்று வேலை செய்ய வேண்டும். டைரக்டர் யோசித்து மாமாவிடம் இந்தியில் என்னவோ சொன்னார். மாமா முதலில் தலையை ஆட்டி மறுத்தார். அரை மணி நேரம் கழித்து ஓடி வந்தார். "உங்கம்மா போயிட்டாடா, தந்தி வந்திருக்கு." நான் கத்திய கத்தலில் மைக் வைத்திருந்தவர் காதைப் பொத்திக்கொண்டாராம். ஷாட் முடிந்தது. "சும்மாடா, சும்மா. நடிப்புக்குச் சொன்னேன்டா" என்று மாமா என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். வாயில் ரசகுல்லா. நான் நம்பவில்லை. நாலு நாள் கழித்து அம்மா யாரையோ விட்டு எழுதச் சொன்ன கார்டு வந்த பிறகுதான் சோறு இறங்கியது.

இது ஒரு தடவை. அந்தப் படத்தில் எனக்கு நாலு அழுகை ஸீன். இரண்டாம் தடவை மாமா வேறு என்னவோ சொல்லிப் பார்த்தார், ஆர்மோனியம் எரிந்துபோச்சு என்றார், நான் சிரித்துவிட்டேன். மறுபடி அம்மாவே சாக வேண்டியதாயிற்று. பாதி நம்பினேன், பாதி அழுதேன். மூன்றாம் தடவை மாமா மூக்கை உறிஞ்சும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தைக் கேட்டால் போதும், முகம் தானாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பும், தொண்டை தானாக அடைக்கும், கண்ணீர் தானாக வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. டைரக்டர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

நாலாவது ஸீனுக்கு முந்தின நாள் காலை. நாங்கள் தங்கியிருந்த ரூமில் உட்கார்ந்து நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா வாசலில் வந்து நின்றார். கையில் காகிதம். முகம் கறுத்துப் போயிருந்தது. "அம்மா போயிட்டாடா" என்றார். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, "எந்த ஷாட், மாமா?" என்று கேட்டேன்.

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நின்று, நன்றாக அழுது காட்டினேன். அழுது முடித்துவிட்டு, "சரியா வந்துச்சா? ரசகுல்லா எங்க?" என்றேன். மாமா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, இன்னிக்கு நீ ரொம்ப நல்லா நடிக்கிறே" என்று நான் சொன்னேன். தம்பி, இதைச் சொன்ன வாய் இதுதான். இந்த வாயால்தான் உனக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

சமையல்காரர் ஒருவர் பாவம் பார்த்து ஒரு சின்ன மண்பானையில் ரசகுல்லா கட்டிக் கொடுத்தார். மூன்று நாள் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அம்மாவுக்கு. மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வெளிப்புறக் காட்சி எடுக்க ஊருக்குப் போகிறோம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஸ்ரீரங்கத்தில் எல்லாம் முடிந்திருந்தது. விஷக்காய்ச்சல். எனக்காகக் காத்திருக்க முடியாமல் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்துவிட்டார். வீட்டில் பொம்பளைகள் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவர்கள் தோள் வழியாக நான் காமிராவைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கொல்லையில் பார்த்தேன். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அங்கேயும் போய்ப் பார்த்தேன். பெரியம்மா ஒருத்தி, "பெத்தவ செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை பாரு, கூத்தாடப் போன புத்தி" என்று ஓங்கி அறைந்தாள். நான் அவளிடம், "இது என் ஷாட் இல்லையே" என்று சொன்னேன். மண்பானையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அஞ்சாறு நாளில் புளித்து நாறி, எறும்பு மொய்த்துவிட்டது.

பத்தாம் நாள் காரியத்துக்குக் காவேரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாவிதர் என்னை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார். அப்போது எனக்குத் தோள் வரை முடி. அந்த வேஷத்துக்காக எட்டு மாதம் வளர்த்தது. படம் முடிகிற வரைக்கும் ஒரு முடிகூடக் குறையக்கூடாது, குறைந்தால் முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும் ஒட்டாது. மாமா அந்த முடியைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர். கல்கத்தாவில் ஒரு தடவை பேன் தொல்லைக்காக நுனியைக் கத்தரிக்க வந்தவனை அடிக்கவே போய்விட்டார். நாவிதர் கத்தியை எடுத்தவுடன் நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். இதோ இப்போது ஓடி வந்து தடுப்பார், "கட்" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அம்மா வருவாள் என்று பார்த்தேன். மாமா தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தார். கத்தி என் உச்சந்தலையில் பட்டது. முதல் கொத்து முடி என் மடியில் விழுந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அம்மா செத்துப் போய்விட்டாள். ரெண்டாவது கொத்து விழுவதற்குள் தெரிந்துவிட்டது. சினிமாக்காரன் எவனும் பாதிப் படத்தில் என் தலையில் கத்தி வைக்க விடமாட்டான்.

படித்துறை முழுக்க ஜனங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போதாவது அழுவானா என்று. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழுதால் அது நடிப்பு என்று எனக்குத் தோன்றியது. காதில் கைப்பிடி சுற்றுகிற கடகட சத்தம் கேட்டது. அம்மாவுக்குப் போய் நடிப்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு விழுங்கியதுதான். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்ததில்லை. மீதி ஸீன்களை வேறு ஒரு பையனை முதுகு காட்ட வைத்து எடுத்து முடித்தார்கள். படம் திருச்சிக்கும் வந்தது. பொய்யாகச் செத்த அம்மாவுக்காக நான் நிஜமாக அழுததைப் பார்த்துக் கொட்டகையே அழுதது. மாமா அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து எந்தச் செய்தியும் சொன்னதில்லை. நல்ல செய்தியாக இருந்தாலும் வேறு யாரையாவது விட்டுச் சொல்வார். எனக்குக் குரல் உடைந்தது, வேஷம் வருவது நின்றது. சினிமாவை விடவும் முடியவில்லை, அதன் முகத்துக்கு நேரே நிற்கவும் முடியவில்லை. அதனால் அதன் முதுகுப் பக்கம் போய் மெஷின் ஓட்ட ஆரம்பித்தேன்.

இப்போது உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பதினாலு வயது. திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து சொன்னாள். நீ கதறினாய். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் நீ என்னைக் கேட்டாய்: "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையாப்பா? அம்மா உங்களுக்கு யாருமே இல்லையா?" அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்குப் பதில் தெரியும், சொல்ல வெட்கம். நர்ஸ் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது துக்கம் இல்லை. இது நிஜமா என்றுதான் தோன்றியது. கெட்ட செய்தி யார் சொன்னாலும் அவர்கள் முகத்தில் பவுடர் இருக்கிறதா என்று பார்க்கிற புத்தி எனக்கு. அது போவதற்குள் அழ வேண்டிய நேரம் போய்விடும். உன் அம்மாவுக்காக நான் பட்டது என்ன என்று எனக்குத்தான் தெரியும். அவள் புடவையை இன்னும் எவருக்கும் கொடுக்கவில்லை நான்.

"தாத்தா செத்தது நிஜமா, ஷூட்டிங்கா?" என்று நாலரை வயதுக் குழந்தை கேட்கிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். அது சிரிப்பதற்காகக் கேட்கவில்லையடா. நான் கேட்ட அதே கேள்வியைத்தான் அது கேட்கிறது. நான் நாலாவது தடவையில் கேட்டேன், அவள் முதல் தடவையிலேயே கேட்டுவிட்டாள், என்னைவிடக் கெட்டிக்காரி. என் மாமாவுக்காவது ஒரு சாக்கு இருந்தது, டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. உன் டைரக்டருக்குத் தமிழ் தெரியுமே! அவர் கேட்காமலே நீயாகப் போய்ச் சொல்லியிருக்கிறாய். செட்டில் லைட் பிடிக்கிறவன் மகள் முதல் படத்திலேயே பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை, எனக்குப் புரிகிறது. மாமாவுக்கும் அதே ஆசைதான். என் மேல் அவருக்கு உயிர்.

அவள் நடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் அழ வரவில்லை என்றால் கிளிசரின் போடட்டும். எரியும். எரிச்சல் ஒரு மணி நேரத்தில் போய்விடும். அதற்கும் அழவில்லை என்றால் அழாத குழந்தையாக வைத்துப் படம் எடுக்கட்டும், உலகத்தில் அழாத குழந்தையும் இருக்கிறது. என்னையோ, அவள் அம்மாவையோ, உன்னையோ இன்னொரு தடவை சாகடித்தால் நான் அந்த ஸ்டுடியோ வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவேன். உன் வேலை போனாலும் போகட்டும்.

இன்னொன்று. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். போன மாதம் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டுவிட்டு, "மாடிப்படி ஏறாதீங்க" என்றார். "ஆபரேட்டர் ரூமே மாடியிலதாங்க இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பயப்படாதே, இன்றைக்கோ நாளைக்கோ என்று எதுவும் இல்லை. ஆனால் என்றைக்காவது ஒரு நாள் உன் வாசலுக்கும் தந்தி வரும். நீ அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு போய், "தாத்தா போயிட்டாங்கம்மா" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் குழந்தை நிமிர்ந்து வெளிச்சத்தைத் தேடக்கூடாது. அதுதான் இப்போது என் ஒரே கவலை. சாவதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

அதனால் முதலாளியிடம் லீவு கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் எழும்பூர் வருகிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. "பாத்தியா, தாத்தா சாகலை, அப்பா சும்மா சொன்னேன்" என்று நீ ஆரம்பிக்காதே. நீ சொல்வதை அவள் இப்போதைக்கு நம்பமாட்டாள், நம்பாதது அவள் தப்பில்லை. அவளைப் பிளாட்பாரத்தில் எனக்கு முன்னால் விட்டுவிட்டு நீ தள்ளி நின்றுகொள். எத்தனை நேரம் ஆனாலும் நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் என் முகத்தைத் தடவிப் பார்க்கட்டும், பவுடர் கையில் ஒட்டுகிறதா என்று.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அப்பா